பதினொரு நிமிடம்

கச்சான் தொடங்கி இன்றைக்கு ஒன்பதாம் நாள்.
கடல் கூப்பிடு தூரத்தில் கிடந்தும்
மருதமுனைக்குக் கடற்காற்று இல்லை.
மேற்கே வயல்களைச் சுட்டுவிட்டு வந்த காற்றுத்தான்
கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

எங்கள் கொம்பியூட்டர் பதினொரு நிமிடம் உயிரோடிருக்கும்.
முதல் நிமிடத்தில் இருமும்.
நாலாவதில் நெல்லு மில் ஓடும்.
ஒன்பதாவதில் உழவு மெசின் ஒன்று
மேசைக்குக் கீழே சேற்றில் புதையும்.
பிறகு சொல்லாமல் கொள்ளாமல்
கறுப்பு.

அஞ்சாம் ஆண்டு மாதிரி வினாத்தாள்,
இருபத்தேழாம் கேள்வி.
“ஒரு தொட்டியில்” என்று அடித்ததோடு போயிற்று.
தொட்டியை இனி நான்தான்
முதலிலிருந்து நிரப்ப வேண்டும்.

நிவாரணக் கந்தோர் மூடின வருசம்
கல்முனையில் ஏலத்தில் எடுத்தது.
அவர்கள் ஒட்டின இலக்கத் துண்டு இன்னும் முதுகில்:
நூற்றிப் பதினாலு.
நூற்றிப் பதிமூன்று ஒரு கதிரை, அதுவும் எங்களிடம்தான்.
கதிரை சூடாவதில்லை.

பக்கத் தகட்டைக் கழற்றி
மேசை விசிறியை உள்ளே பார்க்க வைத்தேன்.
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளினேன்.
நாலு சோடா மூடிகளில் ஏற்றி நிறுத்தினேன்.
இடது பக்கம் அழுத்தினால் சத்தம் குறைகிறதென்று
முழங்காலால் அழுத்திக்கொண்டே
ஒரு மௌத்து அறிவித்தலை அடித்து முடித்தேன்.
பிழையில்லாமல் வந்தது, கால்தான் விறைத்தது.

“இதுக்கு இனி மருந்தில்ல ராத்தா, புதிசு எடுங்க”
என்றான் கடைக்கார நௌபர்.
பேஸ்ட் மட்டும் தா என்றேன்.
கண்ணுக்குப் போடும் மருந்துபோல ஒரு சின்னக் குழாய்,
நானூற்றைம்பது ரூபா.

இஷாவுக்குப் பிறகு
கரண்டைப் பிடுங்கி, பாயில் சரித்து
வயிற்றைத் திறந்தேன்.
விசிறிக்குப் பின்னால் ஒரு கம்பளி.
பக்கத்து வளவில் மின்தறி.
பத்து வருசத்துப் பஞ்சு படிந்து படிந்து,
மேலே போன பெருநாளைக்கு நெய்த கத்தரிப்பூ நிறம்,
கீழே பச்சை,
அடியில் யார் உடுத்துக் கிழித்த சாறனோ, ஒரு மெரூன்.
நகத்தால் நெம்பினேன், முழுசாக உரிந்து வந்தது.
உள்ளே ஒரு பல்லி வால்.
பல்லியைக் காணவில்லை.

பழைய பேஸ்ட் விரலில் மாவாகக் கொட்டியது.
சுரண்டி, துடைத்து, புதிதை ஒரு மிளகளவு வைத்தேன்.
விசிறியின் அச்சுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு.
எல்லாம் பூட்டி முடிக்க
ஒரு ஸ்குறூ மிஞ்சியது.
மிஞ்சட்டும்.

பதினொன்று போனது.
பன்னிரண்டு. இருபது.
சுற்றுகிறதா இல்லையா என்று
விரலை நீட்டித்தான் தெரிந்துகொண்டேன்.
அப்படி ஒரு அமைதி.

அப்போதுதான் கேட்டது.
பலகை மறைப்புக்கு அந்தப் பக்கம்
ஹம்ஸியா மதினி
மூச்சோடு மூச்சாக எண்ணிக்கொண்டிருந்தாள்.
ஐயாயிரம். ஏழு. ஒம்பதரை.
பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.
பிறகு, மறுபடியும் ஐயாயிரத்திலிருந்து.

விடிந்தால் செவ்வாய், லோன்காரர் வருகிற நாள்.
போன திங்கள் இரவும்
இந்தப் பலகைக்கு இந்தப் பக்கம்
உழவு மெசினோடு மாரடித்துக்கொண்டிருந்தேன் நான்.
அதற்கு முந்திய திங்களும்.
ஓட்டைத் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று
ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கேட்கிறவள்.

இருபத்தேழாம் கேள்வியைச் சேமித்தேன்.
பலகையில் தட்டக் கை போனது.
தட்டினால் எண்ணுவது நிற்கும்,
முகம் கழுவிக்கொண்டு ஒரு சிரிப்பு வரும்.

அதனால் எழும்பிச் சுற்றிப் போய்
அவள் கதவடியில் நின்றேன்,
புறங்கையில் கத்தரிப்பூப் பஞ்சு ஒட்டியிருக்க.
“மதினி, இந்த ஸ்குறூ உங்கட கட்டில்லயா கழண்டது, பாருங்க.”

அரிசிமணி அளவு ஸ்குறூ.
எந்தக் கட்டிலும் அதில் நிற்காது.

கதவைத் திறந்து
அதை வாங்கி
வெளிச்சத்தில் பிடித்து
நெடுநேரம் பார்த்தாள்.
“இருக்கும்” என்றாள்.
“உள்ள வாங்க, தேடிப் பாப்பம்.”